சிஓ2 ரைஃபிள்ல கேஸ் எப்ப மாத்தணும்னு எப்டி தெரிஞ்சிக்கிடுகது?

#1 தக்கலைவாசி

எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசு. ரெண்டு மாசம் முன்னால ஒரு ஏர் ரைஃபிள் வாங்குனேன், 12 கிராம் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு கேஸ்) குப்பி போடுகது, .177 காலிபர், அதாவது குழல் ஓட்டைக்க அளவு 4.5 மில்லிமீட்டர், சுத்துற கிளிப்ல 12 பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) கொள்ளும். வீட்டுக்குப் பொறத்த தென்னந்தோப்புல பத்து மீட்டர் அளந்து, மண்ணு நெறச்ச சாக்கு நாலு அடுக்கி, அதுக்கு முன்னால பேப்பர் டார்கெட் வச்சி அடிச்சிட்டு வாறேன்.

வாங்குன எடத்துல ஒரு குப்பிக்கு 60 ஷாட் வரும்னு சொன்னாவ. எனக்கு 35, 36லயே பெல்லட் கீழ எறங்குது. மொதல்ல எனக்க கை ஆடுதுனு நெனச்சேன். பொறவு குறி பாக்குற சைட்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வச்சேன், அப்போ செரியா பட்டுது, ஆனா புது குப்பி மாட்டுனதும் எல்லாம் கருப்பு வட்டத்துக்கு மேல ஏறிப் போச்சு. அப்பதான் கேஸ் சமாச்சாரமா இருக்கும்னு ஒரு சந்தேகம் வந்துது.

போன ஞாயித்துக்கிழமை நடந்ததுதான் பெரிய வெப்ராளம். டப்புனு வர வேண்டிய சத்தம் புஸ்ஸுனு வந்துது, பேப்பர்ல புது ஓட்ட இல்ல, செரி டார்கெட்டுக்கு வெளிய போயிட்டு போலனு அடுத்ததையும் அடிச்சேன், அதுக்கும் ஓட்ட இல்ல. கேஸ எறக்கி கிளிப்ப கழட்டிட்டு ஒரு கம்பிய விட்டுப் பாத்தா குழலுக்குள்ள ரெண்டு பெல்லட்டும் ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா இறுகிக் கெடக்கு.

இதுல மீட்டர் ஒண்ணும் கெடையாது. உள்ள எவ்ளோ கேஸ் இருக்குனு எப்டி தெரிஞ்சிக்கிடுகது, எத்தனையாவது ஷாட்ல மாத்தணும்? தெரிஞ்சவிய சொல்லித் தாருங்க.

#2 ஆரல்காத்து

தம்பி, மொதல்ல ஒண்ணு. பேப்பர்ல ஓட்ட விழலன்னா அடுத்தத அடிக்கவே கூடாது. சத்தம் மாறி, ஓட்டையும் காணலன்னா பெல்லட் குழலுக்குள்ள நிக்குதுனு வச்சிக்கிட்டுதான் அடுத்த வேலைய பாக்கணும். ரெண்டோட நிறுத்துனீங்களே, அது போதும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அஞ்சு வரைக்கும் ஏத்திட்டான், அத வெளிய எடுக்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, குழல் உள்பக்கம் கீறி பொறவு அந்த துப்பாக்கியில குரூப்பே வரல, அதாவது ஷாட் எல்லாம் ஒரே எடத்துல சேந்து படல.

எடுக்கும்போது இரும்புக் கம்பிய போடாதீங்க. பித்தளை ராடு, இல்லன்னா குழலுக்குள்ள ஆடாம நுழையுற மரக் குச்சி. கேஸ் சுத்தமா எறங்கி, கிளிப் வெளிய இருக்கணும், அப்பதான் குழலுக்க வாய்ப்பக்கத்துல இருந்து பைய தள்ளணும். தள்ளும்போது மூஞ்சிய வாய்க்கு நேரா கொண்டு போகாதீங்க.

ஒங்க கேள்விக்கு வாறேன். 60னு சொன்னது பொய்யும் இல்ல உண்மையும் இல்ல. பெல்லட் வெளிய போற கணக்கா பாத்தா 60 போகும். அதுல ஒரே எடத்துல படுகது எத்தன, அதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. எனக்க ரைஃபிள்ல அது 40. நான் 36லயே, அதாவது மூணு கிளிப் முடிஞ்சதும் நிறுத்திருவேன். ஒரு நோட்டுப் போடுங்க, குப்பி மாட்டுன நேரம், எத்தனையாவது ஷாட், எங்க பட்டுதுனு எழுதிட்டே வாங்க. நாலு குப்பி முடியும்போது ஒங்க துப்பாக்கிக்க கணக்கு ஒங்களுக்கே தெரிஞ்சிரும்.

#3 கருங்கல்காரன்

நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லுவேன். குப்பி நம்ம ஊர்ல கடையில கெடைக்காது, கூரியர்ல வரணும், அதுக்கே வாரக்கணக்கு ஆவும். பிளைட்ல ஏத்த மாட்டானுவ, ரோட்டு வழியாத்தான் வரும். இவ்ளோ கஷ்டப்பட்டு வாங்குனத 36ல கழட்டி மிச்சத்த காத்துல விட எனக்கு மனசு வராது. எறங்க ஆரம்பிச்சதும் நான் பேப்பர விட்டுட்டு அஞ்சு மீட்டர்ல சிரட்டைய அடுக்கி வச்சி அடிப்பேன், புஸ்ஸுனு வாற வரைக்கும். மூணு வருசமா இப்டித்தான், ஒண்ணும் கெட்டுப் போவல.

#4 குலசேகரம் ரப்பர்

நான் பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறவன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க, ஏன்னா இதுக்கு பொறத்த இருக்க விசயம் புரிஞ்சிட்டா எண்ணிக்கைய மனப்பாடம் பண்ண வேண்டாம்.

வீட்டு அடுப்பு கேஸ் சிலிண்டர் எல்லாருக்கும் தெரியும். ஈரத்துணியால சிலிண்டர தொடச்சிட்டு பாத்தா மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சிரும், கீழ கொஞ்ச நேரம் ஈரமாவே நிக்கும், அந்தக் கோடுதான் உள்ள திரவம் இருக்க மட்டம். தீ மொத நாளும் ஒண்ணுபோல, இருவதாவது நாளும் ஒண்ணுபோல எரியும். திரவம் தீந்து வெறும் கேஸ் மட்டும் மிஞ்சுற அன்னைக்குத்தான் தீ சட்டுனு எறங்கும். சிஓ2 குப்பியும் அப்டித்தான். 12 கிராமும் உள்ள அழுத்தத்துல பெரும்பகுதி திரவமா கெடக்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் கேஸ் வெளிய போகும், அந்த எடத்த நெறப்ப திரவம் கொஞ்சம் ஆவியா மாறும், அழுத்தம் பழையபடி வந்து நிக்கும். 20 டிகிரியில அது சுமார் 57 பார் (பார்ங்கது அழுத்தத்துக்க அளவு, நம்மள சுத்தி இருக்க காத்து சுமார் 1 பார்), 30 டிகிரியில 72 பார். குப்பி நெறஞ்சிருந்தாலும் பாதி இருந்தாலும் அதே அழுத்தம்தான். அதனாலதான் மொத 30 ஷாட்டும் ஒரே எடத்துல படுது. திரவம் தீந்த ஷாட்ல இருந்து ஒவ்வொண்ணும் முந்துனத விட வேகம் கொறவு.

இனி ரெண்டாவது விசயம், தக்கலை தம்பிக்கு இதுதான் நடந்திருக்கும்னு எனக்கு தோணுது. திரவம் ஆவியாக சூடு வேணும், அத குப்பியில இருந்தும் துப்பாக்கியில இருந்தும்தான் உறிஞ்சும். 12 பெல்லட்டையும் படபடன்னு அடிச்சா குப்பி இருக்க பாகம் தொட்டாலே ஜில்லுனு இருக்கும். குளுந்தா அழுத்தம் எறங்கும், 0 டிகிரியில வெறும் 35 பார்தான். அப்போ உள்ள கேஸ் இருந்தும் பெல்லட் கீழ படும். அத தீந்துட்டுனு நெனச்சி கழட்டுனா நல்ல கேஸ் வீணாப் போகும்.

அதனால பெல்லட் எறங்க ஆரம்பிச்சா ஒடனே கழட்டாதீங்க. துப்பாக்கிய நெழல்ல வச்சிட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிசம். திரும்பி வந்து மூணு ஷாட் அடிங்க. பழைய எடத்துக்கு ஏறி வந்தா அது குளிருனது, கேஸ் இருக்கு, பைய அடிங்க. ஏறலன்னா திரவம் தீந்துட்டு, அப்போ மாத்துங்க. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் மீட்டர் இல்லாத துப்பாக்கிக்கு இதவிட நல்ல சோதனை கெடையாது.

#5 தக்கலைவாசி

அய்யா ரொம்ப நன்றி. நான் படபடன்னுதான் அடிக்கேன், கிளிப் மாத்துன கையோட அடுத்த கிளிப். கைப்பிடிக்கு முன்னால ஜில்லுனு இருக்கும், ஈரம் கூட பூத்திருக்கும், அத நான் லீக்குனு நெனச்சேன். வாற சனிக்கிழமை இந்த பத்து நிமிச சோதனைய செஞ்சி பாத்துட்டு எழுதுதேன்.

#6 ஆரல்காத்து

ஈரம் பூக்குகது லீக் இல்ல, நம்ம ஊரு காத்துல இருக்க ஈரம் குளுந்த இரும்புல படியுது, அவ்ளோதான். லீக்க பாக்கணும்னா சோப்பு நொரைய குப்பி மாட்டுற எடத்துல தடவிப் பாருங்க, முட்ட விட்டா லீக். இன்னொரு வழி, புது குப்பி மாட்டி அஞ்சு ஷாட் மட்டும் அடிச்சிட்டு ராத்திரி முழுக்க வச்சிட்டு காலையில அடிச்சிப் பாருங்க, அதே எண்ணிக்கை வந்தா வால்வுல கொறை இல்ல.

கருங்கல் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். அழுத்தம் கொறஞ்சா வால்வு செரியா மூடாது. மூட வைக்கது ஸ்பிரிங்கோட சேந்து அந்த கேஸ் அழுத்தம்தான். அதனாலதான் கடைசியில மிச்சம் இருக்கது ஒரே மூச்சுல சீறி வெளிய போயிருது. நீங்க அஞ்சு மீட்டர்ல அடிக்கது தப்பில்ல, ஆனா புஸ் வாற வரைக்கும் பெல்லட் போட்டு அடிக்கியளே, அதுலதான் ஒருநாள் குழல்ல நிக்கும். சத்தம் மெலிய ஆரம்பிச்சதும் கிளிப்ப எடுத்துட்டு, மிச்ச கேஸ மண்ணு சாக்கப் பாத்து வெறும் ஷாட்டா அடிச்சி விடுங்க.

#7 கருங்கல்காரன்

செரி அண்ணே, அது நியாயம். சத்தம் மெலிஞ்சா பெல்லட் இல்லாம அடிச்சி எறக்குதேன். ஆனா 36ல நிறுத்த மாட்டேன், சிரட்டைக்கு 50 வரைக்கும் போவேன். எனக்க துப்பாக்கியில 54ல தான் சத்தம் மாறும், அது எனக்கு நல்லாத் தெரியும்.

#8 ஆரல்காத்து

ஒங்க துப்பாக்கிக்க சத்தம் ஒங்களுக்கு தெரிஞ்சா போதும் தம்பி. புதுசா வாறவனுக்குத்தான் அது தெரியாது.

#9 மார்த்தாண்டம் அம்மா

எனக்க மக பத்து மீட்டர் ரைஃபிள் அடிக்கா, மூணு வருசமா பயிற்சிக்கு கொண்டு போறேன். அவளுக்க ரைஃபிள் சிஓ2 இல்ல, காத்து அடைக்கது, 200 பார் சிலிண்டர். முன்னால போட்டி துப்பாக்கியும் சிஓ2லதான் வந்துதாம், வெயிலுக்கும் குளிருக்கும் ஏத்த மாதிரி வேகம் மாறுதுன்னுதான் காத்துக்கு போனாவன்னு கோச் சொல்லுவாரு. பத்து மீட்டர்ல நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர், அதுக்கு ஒரு சின்ன வேக வித்தியாசமும் பெருசு. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2019ல உலகக் கோப்பையில தங்கம் அடிச்சது இந்த பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்லதான், அத பாத்துட்டுத்தான் எனக்க மகளும் ஆரம்பிச்சா.

காத்து சிலிண்டர்ல மீட்டர் இருக்கதால எவ்ளோ இருக்குனு தெரியும். உள்ள ரெகுலேட்டர்னு அழுத்தத்த ஒரே அளவா வெளிய விடுற பாகம் ஒண்ணு இருக்கு, அதுக்கு வேண்டிய அழுத்தத்துக்கு மேல சிலிண்டர்ல இருக்க வரைக்கும் வேகம் மாறாது, கீழ போனா பெல்லட் எறங்கும். அவ ஊசி பச்சைய விட்டு எறங்க முன்னாலயே நெறச்சிருவா. 60 ஷாட் போட்டிக்கு, அதுக்கு முன்னால சைட்ட செரி பாக்க அடிக்க சைட்டிங் ஷாட்டும் சேத்து கணக்கு போட்டுத்தான் போவோம்.

ஆனா நான் எழுத வந்தது வேற ஒண்ணு. சிலிண்டருக்கு தேதி உண்டு. மேல பொறிச்சிருக்கும். நாங்க பழைய ரைஃபிள் ஒண்ணு கைமாத்தி வாங்குனோம், குடுத்தவிய எல்லாம் நல்லா இருக்குனுதான் சொன்னாவ, நானும் மீட்டர மட்டும் பாத்தேன். ஒரு போட்டிக்கு போனப்போ ஆயுதம் பாக்குற மேசையில அந்த தேதிய பாத்துட்டு, பத்து வருசம் முடிஞ்சிட்டுனு அந்த சிலிண்டர ஒத்துக்கிடல. எனக்க பிள்ள ஒருவாடு அழுதா. தேதி முடியாத சிலிண்டர் வச்சிருக்கது அடிக்கிறவங்க பொறுப்புன்னு உலக விதியிலயே இருக்கு, நான் அத வாசிக்காம போனேன். பழசு வாங்குறவிய மொதல்ல சிலிண்டர திருப்பி தேதிய பாருங்க, கேஸ் இருக்கா இல்லையாங்கது பொறவு.

#10 குலசேகரம் ரப்பர்

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். 200 பார்ங்கது காருக்க டயர்ல இருக்கத விட எண்பது மடங்குக்கு மேல. தேதி முடிஞ்சத நெறச்சி விளையாடக் கூடாது.

நம்ம ஊரு வெயிலப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். 31 டிகிரி செல்சியசுக்கு மேல போனா சிஓ2ல திரவம்னு ஒண்ணே கெடையாது, எவ்ளோ அழுத்துனாலும் திரவமா நிக்காது. சித்திரை மாசம் மத்தியானம் மொட்டமாடியில வச்சி அடிச்சா நான் மேல சொன்ன 'தீர வரைக்கும் ஒரே அழுத்தம்'ங்கது அங்கண செல்லாது. மொத ஷாட்லயே அழுத்தம் ஏகத்துக்கு ஏறி நிக்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் எறங்கிட்டே வரும். சில துப்பாக்கியில அழுத்தம் கூடிட்டா உள்ள இருக்க சுத்தியலுக்கு வால்வ தள்ளித் தொறக்க பெலம் பத்தாது, அதனால வெயில்ல வேகம் கூடுகதுக்கு பதிலா கொறையும். அதப் பாத்து கேஸ் தீந்துட்டுனு கழட்டப் போனா முழு குப்பிய கழட்டுவீங்க. காலையில எட்டு மணிக்கு முன்னால, இல்லன்னா சாயங்காலம் நெழல் விழுந்த பொறவு அடிச்சா கணக்கு நிக்கும். எனக்க ரப்பர் தோட்டத்துக்குள்ள நெழலாத்தான் இருக்கும், அங்கண நாள் முழுக்க ஒரே மாதிரி வரும்.

காருக்குள்ள குப்பிய வச்சிட்டு போகாதீங்க. அதுமேலயே எழுதிருக்கும், 50 டிகிரிய தாண்டக் கூடாதுன்னு. மூடுன கார் வெயில்ல அத சுளுவா தாண்டும்.

#11 தக்கலைவாசி

சனிக்கிழமை செஞ்சி பாத்தேன், எழுதுதேன்.

காலையில ஏழு மணிக்கு புது குப்பி. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவுல அரை நிமிசம் விட்டேன். மொத மூணு கிளிப்பும், அதாவது 36, ஒரு ரூவா காசு மறைக்க அளவுக்குள்ள விழுந்துது. 43ல ஒண்ணு கீழ. 44, 45ம் கீழ, ஒரு விரக்கடை எறங்கிட்டு. துப்பாக்கிய திண்ணையில வச்சிட்டு அம்மா போட்ட சாயாவ குடிச்சிட்டு பத்து நிமிசம் கழிச்சி வந்து மூணு அடிச்சேன், ஏறல, இன்னும் கொஞ்சம் எறங்கித்தான் பட்டுது. கிளிப்ப எடுத்துட்டு வெறும் ஷாட்டா அடிச்சேன், நாலாவதுல மிச்சம் எல்லாம் சீறிட்டுப் போச்சு, ஆரல் அண்ணே சொன்னது அப்டியே.

பொறவு ரெண்டாவது குப்பி மாட்டி வேணும்னே பழையபடி படபடன்னு அடிச்சேன். 30லயே எறங்கிட்டு! பத்து நிமிசம் வச்சேன், ஏறி வந்து நடுவுல பட்டுது. ரெண்டு மாசமா நான் பாதி கேஸோட குப்பிய கழட்டி வீசிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சிது.

#12 கருங்கல்காரன்

கழட்டும்போது கையில படாம பாத்துக்கிடுங்க தம்பி. நான் ஒருக்கா அவசரத்துல திருகாணிய ஒரே திருப்பா கழட்டிட்டேன், உள்ள மிச்சம் இருந்தது விரல்ல சீறி, தீ பட்டது போல வெளுத்துப் போச்சு, ரெண்டு நாள் உணர்ச்சி இல்ல. கால் திருப்பு, சத்தம் நிக்க வரைக்கும் பொறுங்க, பொறவு அடுத்த கால் திருப்பு.

#13 குலசேகரம் ரப்பர்

தம்பி நல்லா செஞ்சிருக்கீங்க. இன்னும் துல்லியமா வேணும்னா ஒரு வழி சொல்லுதேன். குப்பிய பாதியில வெளிய எடுத்து எடை பாக்க முடியாது, ஓட்ட போட்டாச்சு. ஆனா துப்பாக்கியோட எடை பாக்கலாம். அடுக்களையில மாவு அளக்குற டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் காட்டுறது இருந்தா போதும். கிளிப்ப கழட்டிட்டு, புது குப்பி மாட்டுனதும் ஒரு எடை எழுதிக்கிடுங்க. 12 ஷாட்டுக்கு ஒருக்கா கிளிப் இல்லாம திரும்ப வைங்க. கொறஞ்சது முழுக்க கேஸ்தான். எனக்க ரைஃபிள்ல 8 கிராம் கொறஞ்சா அடுத்த ரெண்டு மூணு ஷாட்ல பெல்லட் எறங்கும், அது வெயில்லயும் மழையிலயும் பெருசா மாறல. எண்ணிக்கைய மறந்து போனாலும் தராசு மறக்காது. அரைமணி நேரம் கழிச்சி அடிச்சாலும், மறுநாள் அடிச்சாலும் அதே கணக்குதான்.

#14 தக்கலைவாசி

இது கொள்ளாம்! அம்மாட்ட கேட்டு தராசு எடுத்துக்கிடுதேன். குப்பி மாட்டும்போது எண்ணெய் விடணும்னு சொல்லுதாவளே, தேங்காண்ணெய் போதுமா?

#15 ஆரல்காத்து

வேண்டாம் தம்பி. தேங்காண்ணெய் பிசுபிசுன்னு பிடிக்கும். துரு எடுக்க ஸ்ப்ரேயும் அடிக்காதீங்க, ரப்பர் சீல தின்னுரும். சிஓ2 துப்பாக்கிக்குன்னே எண்ணெய் விக்கான், குப்பிக்க கழுத்துல ஒரே ஒரு சொட்டு, நாலஞ்சு குப்பிக்கு ஒருக்கா. மாட்டும்போது சத்தம் கேட்டு ஓட்ட விழுந்ததும் நிறுத்திருங்க, பெலங்கொண்டு இறுக்குனா சீல் நசுங்கி அங்கணயே லீக் ஆவும். மாசக்கணக்குல அடிக்கலன்னா குப்பிய உள்ள விட்டு வைக்காதீங்க. சோடா போடுற சின்ன குப்பி 8 கிராம், சைக்கிளுக்கு காத்தடிக்கது மரை வெட்டுனது, அது ரெண்டையும் இதுல திணிக்கப் பாக்காதீங்க, அளவே வேற.

#16 பூதப்பாண்டி பையன்

எங்க தோப்புல கொரங்கு தொல்ல தாங்க முடியல, தேங்காய பிஞ்சிலயே பறிச்சி எறியுது. இந்த சிஓ2ல பயம் காட்ட ஒண்ணு ரெண்டு அடிக்கலாமா?

#17 வடசேரி

கூடாது தம்பி. கொரங்கும் பறவையும் 1972 வனவிலங்கு சட்டத்துக்குள்ள வரும், கேசு ஆயிரும். கேசு கெடக்கட்டும், பெல்லட் ஒடனே கொல்லாது, ஒடம்புக்குள்ள இருந்து சீழ் பிடிச்சி நாள் கணக்குல கெடந்து சாவும். எனக்கு அத பாத்த அனுபவம் இருக்கு, ஒரு கொக்கு, தேரூர் கொளத்தங்கரையில. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022ல ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல எடம், கெடைச்சது அங்க வாற பறவைகள வச்சித்தான். பேப்பரும் சிரட்டையும் தவிர வேற ஒண்ணும் வேண்டாம். ஏர்கன் லைசன்ஸ் இல்லாம வச்சிருக்க முடியுதுன்னா அது .177க்குள்ள, பெல்லட் வெளிய வாற சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கதாலதான், அந்த சலுகைய நாமளே கெடுத்துக்கிடக் கூடாது.

#18 பூதப்பாண்டி பையன்

செரி அண்ணே, வெளங்கிட்டு. அடிக்கல.

#19 தக்கலைவாசி

தராசு கணக்கு வந்துட்டு. மூணு குப்பி பாத்தேன். எனக்க ரைஃபிள்ல கிளிப்புக்கு 2 கிராம், இல்லன்னா கொஞ்சம் கூட. மொத குப்பி 8 கிராம் கொறஞ்சப்போ 45ல எறங்குச்சு, ரெண்டாவது 8, 44ல. மூணாவது சாயங்காலம் மழைக்கு முன்னால அடிச்சேன், 9 கிராம், 48 வரைக்கும் நின்னுது. இப்போ 8 காட்டுனா கிளிப்ப எடுத்துருதேன். சைட்ட ஒருக்கா வச்சது, பொறவு தொடவே இல்ல. தீந்த குப்பி மூணையும் ஓட்ட தொறந்திருக்கானு பாத்துட்டு ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்கு எடுத்து வச்சிருக்கேன்.

நாளைக்கு அந்த பெல்லட் இறுகிக் கெடந்த குழல பாக்கப் போறேன், பித்தளை பிரஷ் போடலாமா இல்ல வெறும் துணி போதுமா, அத யாராவது சொல்லுங்க.

#20 ஆரல்காத்து

துணி போதும். பிரஷ் வேண்டாம், ஈயம் அவ்ளோ ஒட்டாது. ராடுல துணிய சுத்தி ஒரே பக்கமா இழுங்க, முன்னும் பின்னும் தேய்க்காதீங்க. பொறவு பத்து மீட்டர்ல ஒரு பத்து ஷாட் அடிச்சி பேப்பர படம் பிடிச்சி இங்க போடுங்க, குழல் எப்டி இருக்குனு அதப் பாத்தா தெரியும்.